ஒன்றுமில்லாத நிலத்தில் இருபத்தாறு அடி

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. ஆனி மாதம். முல்லைத்தீவில் இருந்து கொஞ்சம் உள்ளுக்குள் இருக்கிற எங்கள் ஊரில் சோளகக் காற்று புழுதியை வாரி வாரி முகத்தில் அடிக்கிற நாட்கள். அப்போது என் மகளுக்கு எட்டு வயது. நான் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறவள். இன்றைக்கும் அதே வேலைதான். புதிதாக அறிமுகமாகிறவர்கள் இதைக் கேட்டதும் ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டு, பயமில்லையா என்று கேட்பார்கள். பழகிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு எனக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

விடிய நாலரைக்கு வான் வந்து சந்தியில் நின்று ஹோர்ன் அடிக்கும். கணவர் கொழும்பில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். அதனால் மகளை எழுப்பி, அரைத் தூக்கத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன். அவர்தான் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, சாப்பாடு கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்புவார். நான் பின்னேரம் வீட்டுக்கு வருவேன். இப்படியே இரண்டு வருடங்கள் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது.

அந்த வருடம் மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மிதிவெடி பற்றிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும், வகுப்பில் ஒரு பிள்ளையின் தாயே வந்து சொன்னால் மனதில் பதியும் என்றார் வகுப்பு ஆசிரியை. எனக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. கவச அங்கியையும் முகக்கவசத்தையும் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, அழுத்தி மடிப்பு எடுத்த சீருடையோடு போய் நின்றேன். மிதிவெடி இருக்கிற நிலத்துக்கு அடையாளமாக நடுகிற சிவப்புத் தடிக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது, தெரியாமல் உள்ளே போய்விட்டால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அசையக் கூடாது, கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கையில் எவ்வளவு பெரிய வெடி, காலில் என்ன செய்யும், ஒரு சாண் பிசகினால் என்ன நடக்கும் என்று அபிநயத்தோடு காட்டினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கடைசியில் ஒரு பொடியன், "அன்ரி, உங்களுக்குப் பயம் இல்லையோ?" என்று கேட்டான். "துளியும் இல்லை" என்றேன். வகுப்பே கைதட்டியது. முன் வாங்கில் இருந்த என் மகள் மட்டும் தட்டவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அதுவரைக்கும் அம்மா எங்கேயோ வெயிலுக்குள் மண் கிண்டுகிற வேலைக்குப் போகிறாள் என்றுதான் அவளுக்குத் தெரியும். அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை நானே வகுப்பறையில் படம் போட்டுக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். இந்தக் கணக்கு அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கிழமையே வயிற்றுக்குத்து தொடங்கியது. விடிய எழும்பினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். மூன்று நாலு தடவை கக்கூசுக்குப் போவாள். சனி ஞாயிறில் ஒன்றும் இருக்காது, நன்றாக ஓடியாடித் திரிவாள். பள்ளிக்கூடக் கள்ளம் என்று முடிவு கட்டினேன். பூச்சி மருந்து கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் காட்டினேன், ஒன்றும் இல்லை என்றார்கள். நாவூறாக இருக்கும் என்று அக்கா சொல்ல, உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தேன். கடைசியில் ஏச்சுத்தான் மிச்சம். ஏசினால் அழ மாட்டாள், நகத்தைக் கடிப்பாள். சுண்டுவிரலில் நகம் இருந்த இடத்தில் சிவந்த தோல்தான் இருந்தது.

இன்னொரு பழக்கமும் வந்தது. நான் வெளிக்கிடும்போது, போய்த் திரும்பி வருவேன் என்பதற்கு "போட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும். அது எல்லோரும் சொல்வதுதான். அவளுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டும், அதுவும் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் வான் ஹோர்ன் அடித்தால் கணக்குத் தவறிவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். முதலில் எனக்கு அது செல்லமாக இருந்தது. சித்திரை முடிய மூன்று ஐந்தாகி, பிறகு ஏழாகியது. வானில் இருக்கிற பெண்கள், உன் வீட்டு வாசலில் என்ன பூசையா நடக்கிறது என்று பகிடி பண்ணினார்கள். எனக்கும் எரிச்சல் வரத் தொடங்கியது.

ஆனியில் அந்த நாள் விடிய நான் நித்திரையால் எழும்பப் பிந்திவிட்டது. வான் வந்து இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டது. அக்கா வீட்டுப் படலையில் மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றாள். நான் கையை உதறிவிட்டு ஓடினேன். ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. வானில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். இருட்டில் அவளுடைய வெள்ளைப் பெனியன் மட்டும் அசையாமல் நின்றது.

எங்கள் வேலையில் கண்டெடுத்த வெடிகளை வழக்கமாகப் பின்னேரம், வேலை முடிகிற நேரத்தில்தான் ஒன்றாக வைத்து வெடிக்க வைப்போம். அந்தச் சத்தம் ஊருக்குக் கேட்கும். சனம் அதைக் கேட்டு நேரம் சொல்லும். அன்றைக்கு ஒரு வெடி தெருக்கரையோடு கிடந்ததால், மாடுகள் வருவதற்கு முதல் அழித்துவிட வேண்டும் என்று காலை பத்து மணிபோல வெடிக்க வைத்தார்கள். நாங்கள் தூரத்தில் பதுங்கி இருந்து, சத்தம் கேட்டதும் எழும்பித் தூசி தட்டிக்கொண்டு வேலைக்குப் போனோம். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

முக்கால் மணித்தியாலம் கழித்து, நான் முழங்காலை ஊன்றி இருந்து மண்ணை வாரிக்கொண்டிருக்கும்போது விசில் கேட்டது. விசில் அடித்தால் எல்லோரும் கையை எடுத்துவிட்டு அப்படியே நிற்க வேண்டும். எங்கள் குழுத் தலைவி எனக்குப் பின்னால், துப்புரவாக்கிய பாதையில் நடந்து வந்தார். நாற்பது பெண்களை மேய்க்கிறவர், சத்தம் போட்டே கதைப்பவர். அன்றைக்கு மெதுவாகக் கதைத்தார்.

"தங்கச்சி, பதறாத. பிள்ளை இடைவேளைக்குப் பிறகு வகுப்பில இல்லையாம். பள்ளிக்கூடத்தில இருந்து போன் எடுத்தவை. வான்ல போ."

முகக்கவசத்தைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. அவர்தான் கழற்றினார். பத்து வருடங்களாக வெடியைத் தொட்டுத் தூக்குகிற கைக்கு ஒரு பட்டியை அவிழ்க்கத் தெரியவில்லை.

வானில் இருந்த அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் இன்றைக்கும் நினைக்க விரும்புவதில்லை. குளம், கிணறு, நாய், தெருவில் போகிற டிப்பர், முகம் தெரியாத ஆட்கள் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் வந்தன. எனக்கு மூச்சு மேலே மேலே வந்தது, கால்விரல்கள் விறைத்தன, அடிவயிறு குத்தியது. எங்கேயாவது நிறுத்தச் சொல்லிப் பற்றைக்குள் ஓட வேண்டும் போல இருந்தது. திடீரென்று பொறி தட்டியது. இதைத்தான் அவள் ஒவ்வொரு நாளும் விடிய எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கும்போது, தெருவோரம் ஒருவர் மஞ்சள் சேலை ஒன்றைக் கொடி போல வீசி வானை மறித்தார். மோட்டார் சைக்கிளில் பொதி கட்டி ஊர் ஊராக உடுப்பு விற்கிற முஸ்லிம் அண்ணன், ஊரில் எல்லோருக்கும் நானா. அவரை நான் ஊருக்குள் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை. வியர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பொதிகளெல்லாம் அவிழ்ந்து, துணிகள் பற்றைகளுக்கு மேலே பரவிக் கிடந்தன.

"உள்ளுக்க ஒரு புள்ள நிக்குது தங்கச்சி. அரை மணித்தியாலத்துக்கு மேல நிக்குது. கூப்பிட்டா வருதில்ல. நான் கால் எடுத்து வச்சா, வராதீங்க, வெடிக்கும் எண்டு கத்துது. உங்கட புள்ளையா?"

பார்த்தேன். தெருவில் இருந்து உள்ளே, முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவில், வெள்ளைச் சீருடையோடு என் மகள் நின்றாள். இரண்டு கால்களையும் ஒட்டி வைத்து, கைகளை நெஞ்சோடு மடக்கி, ஒரு குறுகிய பலகையில் நிற்கிறவள் போல நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் தடி நட்டிருந்தது.

அந்தக் காணியை எனக்குத் தெரியும். நாங்கள்தான் அதைத் துப்புரவாக்கிக் கையளித்தோம். அந்த மூலையில் நானே முழங்காலில் இருந்து மண்ணை வாரியிருக்கிறேன். கையளித்த பிறகு தடிகளைச் சனம் பிடுங்கிக்கொண்டு போய்ப் பயற்றங்கொடிக்கு நட்டுவிட்டது. ஒரு தடி மட்டும் மிச்சம். அந்தக் காணியில் மிதிவெடி இல்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். வான் சாரதியைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லும்படி அனுப்பிவிட்டு, "குஞ்சு, அங்க ஒண்டும் இல்லை, அம்மாட்ட ஓடி வா" என்று கத்திக்கொண்டு உள்ளே இறங்கினேன்.

அவள் அலறினாள். இன்றைக்கும் சில இரவுகளில் அந்தச் சத்தம் என்னை எழுப்பும். "வராதேங்கோ அம்மா, வெடிச்சிடுவீங்கள்" என்று கத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தாள்.

அப்போதுதான் எனக்குக் கிணறு நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பின்னால், எருக்கலைப் பற்றைக்குள், கட்டு இல்லாத ஒரு பாழ் கிணறு இருக்கிறது. நிலமட்டத்தோடு வாய் திறந்த கிணறு. அதைச் சுற்றித் துப்புரவாக்கியபோது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வேலை செய்தோம். இப்போது புல்லும் கொடியும் வாயை மூடிக் கிடந்தன. அவளுக்கும் அதற்கும் நடுவில் நாலு அடி இருக்கலாம், ஐந்து அடி இருக்கலாம். நான் இன்னும் ஒரு அடி முன்னால் வைத்தால் அவள் இன்னும் ஒரு அடி பின்னால் வைப்பாள்.

நின்ற இடத்திலேயே நின்றேன். கிணறு இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. நிலத்துக்குக் கீழே இன்னொரு பயத்தைக் காட்டினால், இருக்கிற கொஞ்ச நிதானமும் போய்விடும். வாயை அசைக்காமல் நானாவுக்குச் சொன்னேன். அவருடைய முகம் செத்துப் போனது. சுற்றிப் போய்ப் பின்பக்கத்தால் பிடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பின்னால் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் பாய்வாளோ தெரியாது என்றேன்.

"இவ்வளவு நேரமும் என்ன செய்து பிள்ளையை நிப்பாட்டி வச்சிருந்தனீங்கள் நானா?" என்று கேட்டேன்.

"என்ன செய்ய? துணியக் காட்டி நிறம் கேட்டன். இது என்ன நிறம் மகள், இதில எத்தின பூ இருக்கு எண்டு. அழுது அழுது பதில் சொல்லுது. பதில் சொல்லுற நேரம் நடுக்கம் கொஞ்சம் குறையுது" என்றார்.

பெரிய படிப்பு ஒன்றும் இல்லாத மனிதர். வியாபாரத்துக்குப் போகிற வழியில், ஊர் பேர் தெரியாத ஒரு பிள்ளைக்காக வெயிலில் நின்று, விற்கிற துணி முழுவதையும் புழுதியில் விரித்திருக்கிறார். இன்னொருவர் என்றால் விறுவிறு என்று உள்ளே போய்த் தூக்கியிருப்பார். நான் அதைத்தானே செய்யப் பார்த்தேன். அவர் அப்படிச் செய்திருந்தால் என் பிள்ளை கிணற்றுக்குள் கிடந்திருக்கும்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரிந்தது ஒரேயொரு வேலைதான். அதைச் செய்தேன்.

"நீங்கள் சொல்லுறது சரி குஞ்சு. அம்மா பாக்காம ஓடி வந்தது பிழை. அம்மா இப்ப வேலைக்குச் செய்யிற மாதிரியே பாத்துப் பாத்து வாறன். நீங்கள் அசையாம நிண்டு, நான் சரியாச் செய்யிறனோ எண்டு பாருங்கோ" என்றேன்.

நானாவிடம் துணி அளக்கிற இரும்புக் கோலை வாங்கினேன். பாதைக்கு இரண்டு பக்கமும் அடையாளம் வைக்க வெள்ளைத் துணி வேண்டும் என்றேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மடிப்புக் கலையாத புது வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தார். நான் தெருக்கரையிலேயே முழங்காலில் இருந்தேன்.

மிதிவெடி இல்லாத நிலத்தில், எதுவும் இல்லை என்று நானே கையெழுத்து வைத்த நிலத்தில், முதல் சாண் புல்லை விலக்கினேன். விரலால் மண்ணைத் தடவினேன். கோலைச் சரித்து மெதுவாகக் குத்திப் பார்த்தேன். "சரி" என்று சத்தமாகச் சொல்லி, இரண்டு பக்கமும் வெள்ளைத் துணித் துண்டை வைத்து மேலே கல்லை வைத்தேன். பிறகு அடுத்த சாண். வெயில் முதுகைப் பிளந்தது. கண் மட்டும் அவளுடைய குதிக்காலிலேயே இருந்தது. அது பின்னால் போகிறதா, முன்னால் வருகிறதா என்று ஒவ்வொரு முறை தலையை நிமிர்த்தும்போதும் பார்த்தேன். எனக்குப் பின்னால் நானா விடாமல் துணியைத் தூக்கித் தூக்கி நிறம் கேட்டுக்கொண்டிருந்தார். நீலம் என்றாள். பச்சை என்றாள். சத்தம் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது.

பாதித் தூரம் போனபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த மூலையைப் பாக்கேல்ல நீங்கள்" என்றாள்.

உண்மைதான், அவசரத்தில் இடது பக்கம் ஒரு துண்டை விட்டுவிட்டேன். திரும்பிப் போய் அதையும் தடவினேன். எங்கள் குழுத் தலைவி கூட அப்படிப் பிழை பிடித்ததில்லை.

"உங்களுக்குப் பயமில்லையோ அம்மா?"

வகுப்பில் சொன்ன பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளுடைய குதிக்காலைப் பார்த்தேன். பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"பயம்தான் குஞ்சு. ஒவ்வொரு நாளும் பயம்தான். வயித்துக்குள்ள பிசையும். கை நடுங்கினா வேலையை நிப்பாட்டிப்போட்டு, மூச்சை மெதுவா விட்டு, கை நிண்ட பிறகுதான் தொடுவன். இப்பவும் நடுங்குது, பாருங்கோ" என்று கையை உயர்த்திக் காட்டினேன். உண்மையாகவே நடுங்கியது.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "எனக்கும் நடுங்குது" என்றாள், ஏதோ இரகசியத்தைச் சொல்கிறவள் போல. அவளுடைய தோள் இறங்குவதைக் கண்டேன். "அப்ப ரெண்டு பேரும் மூச்சு விடுவம்" என்றேன். விட்டோம். அந்தப் பொட்டல் காணியில், கொளுத்துகிற வெயிலில், தாயும் மகளும் ஊதி ஊதி மூச்சு விட்டோம். தெருக்கரையில் நானாவும் சேர்ந்து விட்டார்.

கடைசிச் சாணைத் தடவி முடித்து அவளுடைய கணுக்காலை என் கை பிடித்தபோது, அவளுக்குப் பின்னால் கொடிக்குள் அந்தக் கறுப்பு வாய் எனக்குத் தெரிந்தது. மூன்று அடிதான் இருந்தது. அவளைப் பிடித்த பிடியை நான் விடவில்லை. சீருடை நனைந்திருந்தது, அவள் வெட்கத்தில் மறைக்கப் பார்த்தாள். என் கழுத்துத் துவாயை இடுப்பில் கட்டிவிட்டேன். வெள்ளைத் துணிகளுக்கு நடுவால், நான் முன்னுக்கு, அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு, ஒரு துண்டைக் கூட மிதிக்காமல் வெளியே வந்தோம்.

தெருவில் கால் வைத்ததும் எனக்குக் காது அடைத்தது. குந்தி இருந்து சத்தி எடுத்தேன். மகள் என் முதுகைத் தடவிவிட்டாள். நானா தன் தண்ணீர்ப் போத்தலை முதலில் அவளுக்கும் பிறகு எனக்கும் தந்தார். பிறகுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பின்னேரம் கேட்க வேண்டிய சத்தம் காலையில் கேட்டதாம். நான் அன்றைக்குப் "போட்டு வாறன்" சொல்லாமல் போனேனாம். அதனால் வெடித்தது அம்மாதான் என்று நினைத்தாளாம். வான் போகிற திசை தெரியும் என்பதால் மதிலில் இருந்த ஓட்டைக்குள்ளால் பூந்து, குறுக்கால் ஓடி வந்தாளாம். சிவப்புத் தடியைக் கண்டதும், நான் வகுப்பில் சொன்னபடி அப்படியே நின்றுவிட்டாளாம். வெடித்த இடத்தில் எதைக் காண ஓடி வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

கிழிந்த வேட்டிக்கும் புழுதியான துணிகளுக்கும் என்ன தர வேண்டும் என்று கேட்டேன். நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்களும் புள்ள குட்டிகளத் தூக்கிக்கொண்டு ஓடின ஆக்கள்தான் தங்கச்சி. கதைக்காமப் போங்க" என்று சொல்லிவிட்டுத் துணிகளை உதறி மடிக்கத் தொடங்கினார்.

அந்தக் காணிக்காரரைப் பிறகு கண்டு, ஏன் அந்த ஒரு தடியை மட்டும் பிடுங்காமல் விட்டீர்கள் என்று கேட்டேன். கிணற்றுக்கு அடையாளமாக விட்டேன் என்றார். இதைக் கேட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஓடி வந்த வேகத்தில் அந்தத் தடியைக் கண்டு பயந்து நிற்காமல் இருந்திருந்தால், நேரே கிணற்றுக்குள்தான் போயிருப்பாள். இவ்வளவு நாளும் நான் ஏசித் துரத்தப் பார்த்த பயம்தான் என் பிள்ளையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

வகுப்பு ஆசிரியையே ஆஸ்பத்திரியில் உளவளத்துணை செய்கிற ஒரு அம்மாவிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வயிற்றுக்குத்து கள்ளம் இல்லை, பயம் பிள்ளைகளுக்கு வயிற்றில்தான் முதலில் கதைக்கும் என்று அவர் சொன்னார். பயப்பிடாதே என்று சொன்னால் பிள்ளை பயத்தை விடாது, பயத்தைச் சொல்வதைத்தான் விடும் என்றார். நான் தவழ்ந்த கதையைக் கேட்டு, "அண்டைக்கு அது சரி. ஆனா ஒவ்வொரு நாளும் நீங்கள் அவாக்காகத் தவழ ஏலாது. இனி அவா நடக்க வேணும், நீங்கள் பக்கத்தில நிக்க வேணும்" என்றார். "போட்டு வாறன்" ஏழு தடவையில் இருந்து ஆறாகியது, பிறகு ஐந்தாகியது. குறைத்த நாட்களில் அவள் அழுதாள். நானும் வானுக்குள் இருந்து அழுதேன். ஒரு தடவைக்கு வர ஐப்பசி ஆகிவிட்டது.

சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் அந்தக் காணிக்குப் போனோம். அதற்குள் காணிக்காரர் கிணற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்துவிட்டார். முதல் நாள் தெருவில் மட்டும் நின்றுவிட்டு வந்தோம். பிறகு ஐந்து அடி, பிறகு பத்து அடி. நான் தெருக்கரையில் நிற்க, அவள் தனியாக அந்தத் தடி வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வந்த நாளில், திரும்பி வரும்போது காலடியை எண்ணிக்கொண்டு வந்து, "இருபத்தாறு" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கும் மறுபடி போய், அதே வகுப்பில் நின்று, போன முறை ஒரு பொய் சொன்னேன் என்று சொன்னேன். எனக்குப் பயம் வரும், வந்தால் என்ன செய்வேன் என்பதைச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பயம் எந்த இடத்தில் வரும் என்று தொட்டுக் காட்டியது. வயிறு, நெஞ்சு, தொண்டை. கேள்வி கேட்ட அந்தப் பொடியன் முழங்காலைத் தொட்டான். இந்த முறை கைதட்டல் இல்லை.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சோதனை நாட்களில், இடி இடிக்கிற நாட்களில், "அம்மா, வயித்துக்குள்ள வந்திட்டுது" என்று வந்து நிற்பாள். எவ்வளவு பெரிசு என்று கேட்பேன். மாங்காய் அளவு என்பாள், சில நாள் நெல்லிக்காய் அளவு என்பாள். இரண்டு பேரும் இருந்து மூச்சு விடுவோம். என்னையும் அவள் விடுவதில்லை, உங்களுக்கு இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பாள், நானும் ஒளிக்காமல் சொல்வேன்.

இந்தப் பதின்மூன்று வருடங்களில் எத்தனையோ காணிகளைத் துப்புரவாக்கிச் சனத்திடம் கொடுத்திருக்கிறேன், மண்ணுக்குள் இருந்து எவ்வளவோ வெடிகளை இந்தக் கையால் எடுத்திருக்கிறேன். ஆனால் நான் செய்த வேலையிலேயே பெரியது எது என்று யாராவது கேட்டால், ஒரு வெடியும் இல்லாத அந்த இருபத்தாறு அடியைத்தான் சொல்வேன்.